பன்னிரண்டு மில்லிமீட்டர் பஞ்சாயத்து

டிஸ்கி: இது பொம்மை ரயில் பற்றிய பதிவு. "இதெல்லாம் ஒரு மேட்டரா?"ன்னு நினைக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். 'பொம்மை'ன்னு சொன்னதுக்காக என்னை அடிக்க வர்ற மாடல் ரயில் ஆர்வலர்கள் மட்டும் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அடிக்கவும்.

ரொம்ப நாளா உள்ளுக்குள்ளேயே புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி, அதனால எழுதிடறேன்.

2022-ல் இங்கிலாந்து மாடல் ரயில்காரங்க தலையில ரெண்டு கம்பெனிகள் குண்டைத் தூக்கிப் போட்டாங்க. முதல்ல தண்டவாளம் செய்யுற பீக்கோ. அப்புறம் அக்டோபரில் ஹார்ன்பி. ரெண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்: இனிமே பிரிட்டிஷ் ரயில்கள் புதுசா ஒரு சின்ன அளவுல வரும். பேரு டி.டி.120. நிஜ ரயிலை 120-ல் ஒரு பங்கா சுருக்கி, 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்துல ஓட விடுறது.

அவ்வளவுதான். ஊரே ரெண்டாச்சு. "எவன் கேட்டான் இதை?" "இருக்கிற அளவு போதாதா?" "சந்தையை உடைக்கிறானுங்க." "ரெண்டு வருஷத்துல ஊத்தி மூடிடுவானுங்க பாரு." கிளப், கண்காட்சி, பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம்னு எங்க பார்த்தாலும் இதே பாட்டு. ஏதோ இவங்க வீட்டு வாசல்ல வந்து யாரோ பந்தல் போட்ட மாதிரி கோபம்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். புது அளவு சின்னதா இருக்குங்கறது ஒரு குற்றமே இல்லை. பயப்பட வேண்டிய விஷயம் வேற ஒண்ணு இருக்கு. சத்தம் போடுற பெரியவங்க அதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் பேசுறாங்க. அதான் எரிச்சல்.

சண்டையைப் புரிஞ்சுக்க கொஞ்சம் கணக்கு வேணும். பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

ஸ்கேல்ங்கறது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கோம்ங்கறது. கேஜ்ங்கறது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம். ரெண்டும் வேற வேற. இங்கிலாந்துல நிஜ ரயில்பாதையோட கேஜ் 1435 மி.மீ. ஆக, 12 மி.மீ. தண்டவாளத்தை 120-ஆல் பெருக்கினா 1440. நிஜத்தோட ஒப்பிட்டா அஞ்சு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சூப்பர்.

இப்போ இங்கிலாந்துல பெரும்பான்மையானவங்க வச்சிருக்கிற 'டபுள் ஓ'வைப் பாருங்க. அதுல ஒரு அடிக்கு 4 மி.மீ., அதாவது 76.2-ல் ஒரு பங்கு. தண்டவாளம் 16.5 மி.மீ. பெருக்கிப் பாருங்க: 1257 வருது. நிஜத்தை விட ஏழு அங்குலம் குறுகல்! முழு அகல எஞ்சினை மீட்டர்கேஜ் பாதையில ஏத்தி விட்ட மாதிரி ஒரு லுக்.

ஏன் இப்படி? பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களை விட ஒல்லி. அந்தக் காலத்து மோட்டாரை ஒல்லியான உடம்புக்குள்ள திணிக்க முடியலை. அதனால உடம்பை மட்டும் பெருசாக்கிட்டு, தண்டவாளத்தை ஐரோப்பாவோட 'ஹெச்.ஓ' அளவுலயே விட்டுட்டாங்க. சட்டை தைக்கும்போது துணி பத்தலைன்னு கையை மட்டும் குட்டையா வச்ச கதை. இதைத் தாங்க முடியாத ஒரு கூட்டம் 18.2, 18.83 மி.மீ.ன்னு தாங்களே தண்டவாளம் போட்டு, சக்கரத்தை மாத்திக்கிட்டு திரியுது. அவங்க பொறுமைக்கு ஒரு கும்பிடு.

டபுள் ஓ மட்டும் இல்லை. பெரிய அளவான 'ஓ'வுல 32 மி.மீ. தண்டவாளம், 43.5-ல் ஒரு பங்கு, பெருக்கினா 1392. சின்ன அளவான 'என்' ஸ்கேல்ல (இங்கிலீஷ் எழுத்துங்க, என்னோடது இல்லை) 9 மி.மீ., 148-ல் ஒரு பங்கு, பெருக்கினா 1332. ஆக பிரிட்டிஷ்காரன் கடையில போய் பெட்டியைப் பிரிச்சு ஓட்டுற மூணு முக்கிய அளவுலயும் தண்டவாளம் தப்பு. கணக்கு சரியா வர்ற ஒண்ணு இப்பதான் வந்திருக்கு. அதுக்குத்தான் இந்த வரவேற்பு.

சரி, எதிர்ப்பாளர்கள் சொல்றதை ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

1. "இது பொம்மை. சீரியஸா மாடல் பண்றவனுக்கு இல்லை."

இதைச் சொல்றவங்க வச்சிருக்கிற டபுள் ஓ எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பார்க்கலாம். 1891-ல் ஜெர்மனியோட மார்க்லின் கம்பெனி தண்டவாள அகலங்களுக்கு நம்பர் போட ஆரம்பிச்சப்ப எல்லாமே பெரிய சைஸ். 1-ம் நம்பர் கேஜ் 45 மி.மீ. வரவேற்பறையையே அடைச்சுக்கும். அதைச் சுருக்கினா நம்பர் ஒண்ணுக்குக் கீழ என்ன? பூஜ்யம். அதான் 'ஓ'. பூஜ்யத்தையும் பாதியாக்கினாங்க, 'பாதி பூஜ்யம்', 'ரெட்டை பூஜ்யம்'னு பேரு வந்துச்சு. 1922-ல் பிங் கம்பெனி செஞ்சு இங்கிலாந்துல விற்பனைக்கு வந்த டேபிள் ரயில்வே சாப்பாட்டு மேஜை மேல ஓடுற சமாச்சாரம். பேர்லயே மேஜை! 1935-ல் மார்க்லினும் ட்ரிக்ஸும் இந்தப் பாதி சைஸ்ல இறங்கினாங்க. 1938-ல் ஹார்ன்பி 'டப்லோ'ன்னு கொண்டு வந்தாங்க. டபுள் ஓங்கறதைத்தான் ஸ்டைலா டப்லோ.

ஆக, இன்னிக்கு "சீரியஸ்" ஆனது அன்னிக்கு மேஜை பொம்மை. தாத்தா காலத்து சின்ன அளவுதான் பேரன் காலத்து சரியான அளவு. அப்புறமும் சும்மா இருந்தாங்களா? 1962-ல் அர்னால்ட் 160-ல் ஒரு பங்கு, 9 மி.மீ. கொண்டு வந்தாங்க. ஜெர்மன்ல ஒன்பதுக்கு 'நொய்ன்', அதனால 'என்'. 1972-ல் மார்க்லின் 220-ல் ஒரு பங்குக்குப் போய், இதுக்கு மேல சின்னது வராதுங்கற தெம்புல கடைசி எழுத்தையே எடுத்து 'இசட்'னு பேரு வச்சாங்க. 2006-ல் ஜப்பானோட எய்ஷிண்டோ டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில 450-ல் ஒரு பங்கு, 3 மி.மீ. தண்டவாளத்தைக் காட்டிட்டாங்க. 'இசட்'டுக்கு அப்புறம் எழுத்து இல்லாம 'டி'க்குத் திரும்பி வந்தாங்க :-)

கடைசி எழுத்து வச்சவனாலயே கோடு போட முடியலை. கிளப் செயலாளர் போட்ட கோடு நிக்குமா?

2. "கண்ணுக்குத் தெரியலை, கைக்கு அடங்கலை."

நியாயமான பேச்சு. அறுபது வயசுக்காரருக்கு 12 மி.மீ. தண்டவாளத்துல பெட்டி ஏத்தி வைக்கறது கஷ்டம்தான். அவர் டபுள் ஓவுலயே இருக்கட்டும், 'ஓ'வுக்கு மேல ஏறட்டும். யாரு தடுத்தா? ஆனா "எனக்குக் கண்ணு தெரியலை"ங்கறது உங்களுக்கான காரணம். அதை ஏன் இருபத்தஞ்சு வயசுக்காரன் வாங்கக் கூடாதுங்கறதுக்கான காரணமா மாத்துறீங்க? சர்க்கரை உள்ளவர் பந்தியில பாயசத்தை வேணாம்னு சொல்றது சரி. பக்கத்து இலைக்கும் சேர்த்து வேணாம்னா எப்படி?

3. "சின்னதா இருந்தா ஒழுங்கா ஓடாது."

இதுவும் அறிவியல்படி உண்மை. நீளத்தைச் சுருக்கினா எடை மும்மடியில குறையும். 76.2-லேர்ந்து 120-க்குப் போனா நீளம் 63 சதவீதம் ஆகும், எடை கிட்டத்தட்ட கால் பங்கா விழும். எடை இல்லாட்டி சக்கரம் தண்டவாளத்தை அழுத்தாது, அழுத்தாட்டி கரண்ட் ஒழுங்கா ஏறாது, கொஞ்சம் தூசி இருந்தா ரயில் நின்னுடும். ஆனா இது தீர்வே இல்லாத நோயா? கரண்ட் எடுக்கற சக்கரங்களைக் கூட்டலாம். ஒரு நொடி தாங்குற கெபாசிட்டரை உள்ளே வைக்கலாம். மூணு மில்லிமீட்டர் ரயில்ல சக்கரத்துலயே காந்தம் வச்சு இரும்புத் தண்டவாளத்தோட ஒட்ட வச்சிருக்காங்க. 1930-களோட மோட்டாரை மனசுல வச்சுக்கிட்டு இன்னிக்கு எஞ்சினைப் பத்திப் பேசக்கூடாது. மோட்டார் குண்டா இருந்ததாலதான் தண்டவாளமே தப்பாச்சுன்னு மேல பார்த்தோமே.

4. "அதான் 'என்' இருக்கே, அப்புறம் எதுக்கு நடுவுல ஒண்ணு?"

இருக்கறதுலயே பலமான கேள்வி இதுதான். இடம் இல்லாதவனுக்கு 'என்' ஏற்கெனவே இருக்குங்கறது நிஜம். இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு நிஜ ரயில்பெட்டியை எடுத்துக்கோங்க. டபுள் ஓவுல 262 மி.மீ. டி.டி.120-ல் 167. 'என்'ல 135. 'என்' இன்னும் சின்னதுதான். அதுல சந்தோஷமா இருக்கிறவங்க யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம்.

ஆனா 135-க்கும் 262-க்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. டபுள் ஓவுல எட்டடிக்கு நாலடி பலகை கேக்கற லேஅவுட் டி.டி.யில அஞ்சடிக்கு ரெண்டரையடியில முடிஞ்சுடும். பரப்புல சொன்னா நாற்பது சதவீதம். அஞ்சடிக்கு ரெண்டரைங்கறது ஒரு எழுதற மேஜை. வாடகை வீட்டு பெட்ரூம்ல போடலாம். எடுத்து சுவத்துல சாய்ச்சு வைக்கலாம். அதே சமயம் எஞ்சினோட கைப்பிடிக் கம்பி, சக்கரத்து இணைப்புத் தண்டெல்லாம் கண்ணுக்கு நல்லா தெரியுற அளவு. ரெண்டும் வேணும்னு ஒருத்தன் நினைச்சா அது பேராசையா?

5. "சந்தையை உடைக்குது. எங்க டபுள் ஓவுக்கு வர வேண்டிய புது எஞ்சின்லாம் அங்க போயிடும்."

அப்பாடா, இப்பதான் நிஜமான வலி வெளிய வருது. இவ்வளவு நேரம் கண்ணு, எடை, பொம்மைன்னு சொன்னதெல்லாம் சும்மா. முப்பது வருஷமா சேர்த்து வச்ச நூறு எஞ்சின் பரண்ல இருக்கு. அதோட மதிப்பு என்னாகும்ங்கற கவலை. இந்தக் கவலையை நான் கிண்டல் பண்ணலை. ஓய்வூதியத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினது. ஆனா கவலையைக் கவலைன்னு சொல்லணும், கொள்கைன்னு சொல்லக் கூடாது. பக்கத்து வீட்ல கோலம் போட்டா நம்ம வாசல் சுருங்காது. பிரிட்டிஷ் டபுள் ஓ, 'என்' அளவு வந்ததுக்கப்புறமும் அசையாம நின்னுச்சு. அதுக்கு டி.டி.யைக் கண்டு பயம் எதுக்கு?

இதுல இன்னொரு வேடிக்கை. டி.டி.120 சந்தையை உடைக்கலை, சேர்க்குது. எப்படின்னு சொல்லணும்னா கடைசிக் குற்றச்சாட்டுக்குப் போகணும்.

"ரெண்டு வருஷத்துல ஊத்தி மூடிடுவாங்க."

இதுக்கு மட்டும் ஒரு சரித்திர ஆதாரம் இருக்கு. டி.டி.ங்கறது 'டேபிள் டாப்', 1940-கள்ல அமெரிக்காவுல பிறந்த அளவு. 1957-ல் இங்கிலாந்துல ட்ரையாங் கம்பெனி தன் பாணியில ஒரு டி.டி.யைக் கொண்டு வந்தாங்க. அடிக்கு 3 மி.மீ., 101.6-ல் ஒரு பங்கு, அதே 12 மி.மீ. தண்டவாளம். (வழக்கம் போல கணக்குத் தப்பு: 12 மி.மீ.ன்னா சரியா நாலடி. எட்டரை அங்குலம் அவுட்.) ஆசையா வாங்கினாங்க. 1960-களின் நடுவுல கம்பெனி கையைக் கழுவிடுச்சு. வாங்கினவன் நடுத்தெருவுல. புது எஞ்சின் இல்லை, உதிரி பாகம் இல்லை. 1965-ல் ரசிகர்களே த்ரீ எம்.எம். சொசைட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சு, தாங்களே பாகம் செஞ்சு அந்த அளவைக் காப்பாத்த வேண்டியதாச்சு.

இதுல கூடுதல் மசாலா என்னன்னா, ட்ரையாங்கோட தாய்க் கம்பெனி 1964-ல் ஹார்ன்பி பேரை வச்சிருந்த மெக்கானோவை வாங்கிடுச்சு. இன்னிக்கு ஹார்ன்பிங்கற பேர்ல இருக்கிறது அந்த ட்ரையாங் வம்சம்தான். அதாவது அன்னிக்கு டி.டி.யை அம்போன்னு விட்ட அதே குடும்பம் 2022-ல் திரும்ப டி.டி.யோட வந்து கதவைத் தட்டுது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாதுங்கற நியாயத்துல யாராவது சந்தேகப்பட்டா நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த டி.டி. ஏன் செத்துச்சு? சின்னதா இருந்ததாலயா?

அதே 1950-களின் கடைசியில கிழக்கு ஜெர்மனியில சொய்க்கெ கம்பெனி ஒரு டி.டி. ஆரம்பிச்சுது. 120-ல் ஒரு பங்கு, 12 மி.மீ. சின்ன சின்ன அபார்ட்மென்ட் வீடுகள்ல பத்திக்கிச்சு. 1972-ல் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. 1990-ல் அந்த அரசாங்கமே இல்லாம போச்சு. நாடே போச்சுங்க! ரயில் அளவு போகலை. 1993-ல் செப்னிட்ஸ் ஊர்க்காரங்க டில்லிக் அந்தத் தொழிலை எடுத்துக்கிட்டாங்க. செக், போலந்து, ரஷ்யான்னு ரசிகர்கள் இருந்தாங்க. வேற வேற கம்பெனிகள் அதே அளவுல செஞ்சாங்க. ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க.

ரெண்டுலயும் தண்டவாளம் ஒண்ணேதான், பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒண்ணு முதலாளி மனசு மாறினதும் பொட்டுன்னு போச்சு. இன்னொண்ணு முதலாளி, அரசாங்கம், நாடு மூணும் போன பிறகும் நிக்குது. வித்தியாசம் அளவுல இல்லை. அந்த அளவு ஒருத்தரோட சொத்தா, இல்லை ஊர்ப் பொதுவாங்கறதுல இருக்கு.

தமிழ்ல பதிவு எழுதுறவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி தமிழ் இணையம் எப்படி இருந்துச்சுன்னு மூத்த பதிவர்களைக் கேளுங்க. பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, தளத்துக்கு ஒரு குறியீடு. திஸ்கி ஒரு பக்கம், தாப் ஒரு பக்கம். அந்தந்த எழுத்துருவை இறக்கி வச்சாதான் படிக்க முடியும். எழுத்துரு போச்சுன்னா கட்டுரையும் போச்சு. பழைய பக்கம் ஒண்ணைத் தேடிப் பிடிச்சுத் திறந்தா, இன்னிக்கும் எனக்கு ஜிலேபியைப் பிச்சுப் போட்ட மாதிரி ஏதோ வருது. அதுல இருந்த எழுத்து மோசமா? இல்லை. பூட்டின பெட்டிக்குள்ள இருந்துச்சு, சாவி தொலைஞ்சுடுச்சு. யூனிகோட் வந்து பெட்டியைப் பொதுவாக்கினதாலதான் நீங்க எழுதறதை நான் படிக்கிறேன்.

ரயிலும் அப்படித்தான். 'என்' ஸ்கேல் ஜெயிச்சதுக்கு ஒரு காரணம், அர்னால்டோட கப்ளிங்கை மத்த கம்பெனிகளும் போட்டுக்க முடிஞ்சது. எவன் பெட்டியும் எவன் எஞ்சினோடயும் சேரும். 1990-கள்ல டிஜிட்டல் கன்ட்ரோல் வந்தப்ப ஜெர்மனியோட லென்ஸ் செஞ்ச முறையை அடிப்படையா வச்சு அமெரிக்காவோட என்.எம்.ஆர்.ஏ. சங்கம் பொதுத் தரம் போட்டுச்சு. அதனாலதான் ஒரு கம்பெனி டிகோடர் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலர் சொன்னதைக் கேக்குது.

இப்போ டி.டி.120-ஐப் பாருங்க. பிரிட்டிஷ்காரன் வழக்கமா பண்ற மாதிரி "எங்களுக்குன்னு தனி அளவு"ன்னு போகாம, ஜெர்மனியில ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற 120, 12 மி.மீ.யையே எடுத்திருக்காங்க. பீக்கோ தண்டவாளத்துல டில்லிக் ரயில் ஓடும், ஹார்ன்பி ரயிலும் ஓடும். கப்ளிங் ஐரோப்பியத் தரப்படி மாட்டுற பொதுப் பொந்து. டிகோடருக்கு நெக்ஸ்ட்18ங்கற பொது சாக்கெட். இதைத்தான் 'சேர்க்குது'ன்னு சொன்னேன். நாளைக்கே ஹார்ன்பி கையைக் கழுவினாலும் வாங்கினவன் கையில இருக்கிறது அநாதை இல்லை. 1957-க்கும் 2022-க்கும் இதுதான் வித்தியாசம். ஊத்தி மூடிடுவாங்கன்னு ஆருடம் சொல்றவங்க இதைப் பத்தி மூச்சு விடறதில்லை.

அதுக்காக ஹார்ன்பிக்கு நான் ஒண்ணும் கொடி பிடிக்கலை. ஆரம்பத்துல டி.டி.120-ஐ தன்னோட இணையதளத்துல மட்டும்தான் விப்போம்னு சொன்னாங்க. கடைக்காரங்களுக்குக் கிடையாது. பிறகுதான் கடைகளுக்கும் திறந்து விட்டாங்க. இதுக்குத் திட்டுங்க, நானும் கூட நின்னு திட்டுறேன். தெருவுல இருக்கிற கடையில கண்ணாடிக்குப் பின்னாடி பார்த்து, "ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க"ன்னு கேட்டு வாங்குற பொருள் இது. பொதுவான அளவை எடுத்துக்கிட்டு விற்பனையை மட்டும் பூட்டி வச்சது முழு முட்டாள்தனம். ஆனா கவனிச்சீங்களா? பெரியவங்க கோபம் இந்தப் பூட்டு மேல வந்ததை விட சைஸ் மேலதான் அதிகமா வந்துச்சு.

இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேக்கலாம். சொல்றேன்.

2023-ல் ஆன்சைட் போயிருந்தப்ப ஒரு சர்ச் ஹால்ல நடந்த சின்ன கண்காட்சிக்குப் போனேன். கூட்டத்துல பாதிப் பேர் என் அப்பாவை விடப் பெரியவங்க. ஒரு இளம் ஜோடி, கையில நாலு வயசுப் பொண்ணு. அந்தப் பொண்ணு ஒரு மேஜையை விட்டு நகர மாட்டேங்குது. அப்பா அங்க நின்ன கிளப்காரர்கிட்ட கேட்டார், வீட்ல இடம் ரொம்பக் கம்மி, புதுசா டி.டி.ன்னு வந்திருக்காமே, அதுல ஆரம்பிக்கலாமான்னு. கிளப்காரர் சிரிச்சுட்டே சொன்னார்: அது நிக்காது, காசை வீணாக்காதீங்க, டபுள் ஓ வாங்குங்க, இடம் எப்படியாவது கிடைக்கும். கெட்ட மனுஷர் இல்லை, அக்கறையாத்தான் சொன்னார். அவங்க நன்றி சொல்லிட்டுப் போனாங்க. டபுள் ஓ வாங்கலை. டி.டி.யும் வாங்கலை. பொண்ணுக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க.

அந்த நிமிஷம் தோத்தது டி.டி.120 இல்லை, மாடல் ரயில்.

இந்த ஹாபியோட நிலைமையும் அப்படி ஒண்ணும் செழிப்பா இல்லை. பர்மிங்காம்ல வார்லி கிளப் நடத்தின நாட்டோட பெரிய கண்காட்சி 2023 நவம்பரோட சரி, இனிமே நடத்தப் போறதில்லைன்னு 2024-ல் அந்தக் கிளப்பே சொல்லிடுச்சு. 1946-ல் லிவர்பூல்ல ஆரம்பிச்ச ஹேட்டன்ஸ் கடை 2024 ஜனவரியில மூடுறதா அறிவிச்சுது. வயசானவங்க போறாங்க, புதுசா யாரும் வரலைன்னு இதே பெரியவங்கதான் புலம்பறாங்க. ஐயா, வந்தவங்களை வாசல்லயே வச்சு "உன் வீடு சின்னது, நீ கேக்குற ரயிலும் சின்னது, அது நிக்காது"ன்னு சொல்லி அனுப்பினா யாரு வருவா? பரணும் தோட்டத்துக் கொட்டகையும் இருக்கிற தலைமுறை, ஒரு பெட்ரூம் வாடகை வீட்டுத் தலைமுறைகிட்ட "இடம் எப்படியாவது கிடைக்கும்"னு சொல்றதை விட அலட்சியம் வேற இல்லை.

அதை விட மோசம், இந்த ஆருடம் தானா பலிக்கிற டைப். நிக்காதுன்னு நூறு பேர் சொன்னா ஆயிரம் பேர் வாங்க மாட்டான். வாங்காட்டி கம்பெனி நிறுத்திடும். நிறுத்தினதும் "பார்த்தியா, அன்னிக்கே சொன்னேன்"னு மீசையை முறுக்குவாங்க. செடிக்குத் தண்ணி ஊத்தாதேன்னு சொல்லிட்டு, வாடினதும் ஜோசியம் பலிச்சுதுன்னு சொல்ற மாதிரி.

"வெள்ளைக்காரன் பொம்மைச் சண்டையில நமக்கென்னப்பா?"ன்னு கேக்கப் போறவங்களுக்காக ஒரு கணக்கு. நம்ம ஊரு பிராட்கேஜ் அஞ்சரை அடி, 1676 மி.மீ. இந்தியால மாடல் பண்றவங்க பெரும்பாலும் 'ஹெச்.ஓ' தண்டவாளமான 16.5 மி.மீ.யில 87-ல் ஒரு பங்கா எஞ்சின் ஓட்டுறாங்க. அதுல நம்ம பாதை 1435 ஆகி ஒல்லியாயிடும். சரியா வரணும்னா எந்த ஸ்கேல் வேணும்? 1676-ஐ 16.5-ஆல் வகுத்துப் பாருங்க. 101.6. அதாவது அடிக்கு 3 மி.மீ. ட்ரையாங் 1960-கள்ல தூக்கிப் போட்ட அதே ஸ்கேல்! உலகத்துலயே அதிகமா கிடைக்கிற தண்டவாளத்து மேல நம்ம பிராட்கேஜ் மில்லிமீட்டர் பிசகாம உக்காருது. ஆனா என்ன பிரயோஜனம்? அந்த ஸ்கேல்ல இந்திய எஞ்சின் எந்தக் கடையிலயும் கிடையாது. அளவு எவ்வளவு அழகா பொருந்தினாலும், செய்யறதுக்கு நாலு பேரும் வாங்குறதுக்கு நாப்பது பேரும் இல்லாட்டி அது வெறும் கால்குலேட்டர் விளையாட்டு. ஒரு ஸ்கேலை ஒருத்தர் கையில விட்டு வேடிக்கை பார்த்தா அதோட விலை என்னன்னு, அந்த ஸ்கேலை ஒரு நாளும் வாங்காத நமக்கே தெரியுது.

அதனால சண்டை போடணும்னா போடுங்க, வேணாம்னு சொல்லலை. கப்ளிங் பொதுத் தரத்துல இருக்கான்னு சண்டை போடுங்க. அடுத்தவன் தண்டவாளத்துல ஓடலைன்னா சண்டை போடுங்க. உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்னு எழுதிக் கேளுங்க. கடைக்காரனை ஓரங்கட்டினா கூச்சல் போடுங்க. ஒரு ஸ்கேலுக்கு உயிர் கொடுக்கறதும் எடுக்கறதும் இதெல்லாம்தான். எத்தனையில ஒரு பங்குங்கறது அவனவன் வீட்டு மேஜையோட நீளம் முடிவு பண்ற விஷயம்.

பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. கும்ம வர்றவங்க தயவுசெஞ்சு கையில ஒரு ஸ்கேலோட வரவும் :-)